டிரங்குப் பெட்டியைத் திறக்கும் நாள்

வத்தலக்குண்டில் பழைய நோட்டு சேர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் ஏறிப் பார்க்க வேண்டியது சொந்த வீட்டுப் பரணைத்தான். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கண்டித் தோட்டத்துக்கோ பிழைக்கப் போய்வந்த ஒரு தாத்தாவின் கதை நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் ஏதோ ஒரு மூலையில் பூட்டிக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கும் நோட்டில் இல்லாத ஒன்று அந்தப் பெட்டியில் கிடைக்கும் நோட்டில் இருக்கிறது: அது யார் கையில் இருந்தது என்று சொல்ல வீட்டில் இன்னும் ஒருவர் உயிரோடு இருப்பார். அந்த ஒருவர் இருக்கும்போதே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

என் அத்தை வீட்டுப் பெட்டியை மாசி மாதத்தில் ஒரு பகலில் திறந்தோம். மாதத்தை யோசித்துத்தான் வைத்தேன். கார்த்திகை ஈரம் போயிருக்கும்; சித்திரை வெயில் இன்னும் வந்திருக்காது. பல வருடம் மூடிக்கிடந்த காகிதம் திடீர் ஈரத்தையும் தாங்காது, திடீர் அனலையும் தாங்காது. மேலே இரண்டு பட்டுச்சேலை, அதற்குக் கீழே பித்தளை வெற்றிலைச் செல்லம், கல்யாணப் பத்திரிகைகள், ஒரு ஜாதகக் கட்டு. அடியில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் நான்காக மடித்த பழைய செய்தித்தாள், அதற்குள் நோட்டுகள்.

"எல்லாம் செல்லாத நோட்டுப்பா," என்றார் அத்தை. "எங்க மாமனாரு ரங்கூன்ல இருந்து நடந்தே வந்தவரு. அப்ப இடுப்புல கட்டிக்கிட்டு வந்தது. தூக்கிப் போட மனசு வரல."

நான் கையை நீட்டவில்லை. முதலில் போனில் மேலிருந்து ஒரு படம் எடுத்தேன்: பை, செய்தித்தாள், நோட்டு இருந்த வரிசை, எல்லாம் தெரிகிற மாதிரி. செய்தித்தாளின் தேதி கிழிந்துபோயிருந்தது, ஆனாலும் அதைப் பத்திரப்படுத்தினேன். அத்தை சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு தாளில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் நோட்டைத் தொட்டேன். இந்த அத்தியாயத்தில் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த வரிசைதான். நோட்டு வந்தபடியே இருக்க வேண்டும். அது வந்த கதை எழுத்தில் ஏற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் உங்கள் கையில் மிஞ்சுவது வெறும் பழங்காகிதம்.

பெட்டியில் என்னென்ன வரும்

நம் பக்கத்துப் பெட்டிகளில் அடிக்கடி வருவது யுத்தகால நோட்டு. 1942 முதல் பர்மாவிலும் மலாயாவிலும் ஜப்பான் ராணுவம் தன் அரசின் பெயரில் அச்சடித்துப் புழங்கவிட்ட பணம் அது. தலைப்பில் ஜப்பானிய அரசு என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலானவற்றில் சீரியல் நம்பர் இருக்காது, எழுத்துகள் மட்டும் இருக்கும். அந்த எழுத்து 'பி'யில் தொடங்கினால் பர்மா, 'எம்'மில் தொடங்கினால் மலாயா. மலாயாவின் பத்து டாலரில் வாழை மரம் வரைந்திருப்பதால் அதற்கு வாழைப்பழ நோட்டு என்றே பெயர் வந்துவிட்டது. யுத்தம் முடிந்ததும் இவை ஒரே நாளில் குப்பையாயின. கூலி வாங்கிச் சேர்த்த பணம் முழுவதும் இப்படிப் போன குடும்பங்கள் பல. கட்டுக்கட்டாக அச்சடித்ததால் சந்தையில் இவற்றுக்கு இன்றும் பெரிய விலை கிடையாது. விலை இல்லை என்பதற்காக ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். குடும்ப வரலாற்றுக்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம்.

இலங்கை நோட்டுகளும் வரும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் மலையகத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்கள் கொடைக்கானல் மலையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த நோட்டு ஒன்றிரண்டு தங்கியிருக்கும். தமிழ் எழுத்துள்ள வெளிநாட்டு நோட்டுகளை மட்டும் சேர்ப்பதே ஒரு தனிச் சேகரிப்பு. அதில் மொரீஷியஸுக்கு ஒரு கதை உண்டு. 1998 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி வெளியிட்ட நோட்டுகளில் வழக்கத்துக்கு மாறாகத் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்து எழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே தமிழை வைத்து மறுபடி அச்சிட்டார்கள். ஒரு நோட்டில் ஒரு வரி மேலே ஏறியதற்கும் கீழே இறங்கியதற்கும் ஒரு நாடே அசைந்தது.

நம் நாட்டு நோட்டில் 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டு வரிசை பெட்டிகளில் நிறைய அகப்படும். 2, 5, 10, 100 ரூபாய்களில் சேவாகிராம ஆசிரமத்தின் முன் காந்தி அமர்ந்திருப்பார். அழகாக இருந்ததால் எடுத்துவைத்தவர்கள் அதிகம். அதிர்ஷ்டம் இருந்தால் 1,000 ரூபாய் ஒன்று கண்ணில் படலாம். 1954-ல் வந்த அந்த நோட்டின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். 1978 ஜனவரியில் அதைச் செல்லாததாக்கினார்கள். ஒரு தமிழ்க் கோயிலைத் தாங்கிய நோட்டு என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

அதற்கும் முந்தைய ஜார்ஜ் மன்னர் காலத்து நோட்டு வந்தால் அளவிலேயே தெரிந்துவிடும். பலவும் இன்றைய நோட்டைவிட அகலம். காகிதத்தில் ஒரு ரூபாய் இந்தியாவில் முதன்முதலாக வந்தது 1917 நவம்பர் 30-ல். முதல் உலக யுத்தத்தில் வெள்ளித் தட்டுப்பாடு வந்து, வெள்ளி ரூபாய் அடிக்க முடியாமல் ஐந்தாம் ஜார்ஜ் படத்தோடு நோட்டு அடித்தார்கள். அதற்கடுத்த 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாவுக்கு ஒரு நோட்டு வந்தது. இன்றைய கணக்கில் இரண்டரை ரூபாய். அது அபூர்வம். இரண்டையும் 1926-ல் நிறுத்தினார்கள். ரிசர்வ் வங்கியின் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஆறாம் ஜார்ஜ் 5 ரூபாய்.

மொய் நோட்டிலிருந்து ஒரு தொகுப்பு

அத்தையின் பையில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய் நோட்டு. காரணம் எல்லோருக்கும் தெரியும். மொய் எழுதும் ஊர் இது. நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று வைக்க அந்த ஒன்று வேண்டும். அதற்காகச் சலவை நோட்டாக வாங்கி வீட்டில் ஒரு கட்டு வைத்திருப்பார்கள். அப்படித் தப்பிய ஒரு ரூபாய்கள்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் முதல் பாடம்.

ஒரு ரூபாயை ஒரு பத்து ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து ரூபாயில் ரிசர்வ் வங்கியின் பெயரும், தருவதாக வாக்களிக்கும் வாசகமும், கவர்னர் கையெழுத்தும் இருக்கும். ஒரு ரூபாயில் அந்த வாக்குறுதியே கிடையாது. மேலே இந்திய அரசு என்று இருக்கும், கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. சட்டத்தின் கண்ணில் அது காகிதத்தில் அடித்த நாணயம். பெரும்பாலான ஒரு ரூபாய்களில் ஆண்டும் அச்சாகியிருக்கும். மற்ற நோட்டுகளில் அச்சடித்த ஆண்டைப் பின்புறம் போடத் தொடங்கியது 2005-ல்தான்.

ஆகவே, கையெழுத்தை வைத்துச் சேர்க்கத் தொடங்குங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாயில், 1949-ல், கே.ஆர்.கே. மேனன். அங்கிருந்து ஒவ்வொரு செயலாளராகக் கோத்துக்கொண்டு வரலாம். தமிழ் வாசகருக்கு இந்த வரிசையில் தெரிந்த முகங்கள் வரும். எஸ். பூதலிங்கம் கையெழுத்திட்ட ஒரு ரூபாய் ஒன்றை நான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 'வாசவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் கணவர் அவர். எஸ். ஜகந்நாதன் செயலாளராக இருந்தபோது ஒரு ரூபாயிலும், 1970 முதல் 1975 வரை கவர்னராக இருந்தபோது மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டார். 1972-ல் இருபது ரூபாய் நோட்டு அறிமுகமானது அவர் காலத்தில். எஸ். வெங்கிடரமணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அவரும் அப்படியே இரண்டு நாற்காலியிலிருந்தும் கையெழுத்திட்டவர். கவர்னர் சி. ரங்கராஜன் காலத்தில், 1996-ல், மகாத்மா காந்தி வரிசை தொடங்கியது. ரகுராம் ராஜன் கையெழுத்துள்ள நோட்டு இன்று காலை டீக்கடையில் வாங்கிய சில்லறையில்கூட இருக்கலாம். மன்மோகன் சிங் பிரதமராகும் முன்பே இரண்டு வகை நோட்டிலும் கையெழுத்திட்டிருந்தார் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினால், அவர்கள் நோட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

இல்லாத கையெழுத்துகளும் உண்டு. அமிதாப் கோஷ் 1985-ல் இருபது நாள் மட்டுமே கவர்னராக இருந்தார். அவர் கையெழுத்தில் நோட்டு கிடையாது. 1957-ல் நாற்பத்தைந்து நாள் கவர்னராக இருந்த கே.ஜி. அம்பேகாவோங்கர் கவர்னராகக் கையெழுத்திட்ட நோட்டும் இல்லை. ஆனால் அதற்கு முன்பு செயலாளராக அவர் இட்ட கையெழுத்து ஒரு ரூபாயில் கிடைக்கும். 1970-ல் நாற்பத்திரண்டே நாள் இருந்த பி.என். அடார்க்கர் கையெழுத்து காந்தி நூற்றாண்டு நோட்டுகளில் இருக்கிறது. உங்கள் பெட்டியில் அந்த வரிசை இருந்தால், கவர்னர் கையெழுத்து எல்.கே. ஜாவுடையதா, அடார்க்கருடையதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்டார் நோட்டு என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். அச்சகத்தில் பழுதான தாளுக்கு மாற்றாக அடித்து வைப்பது அது. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் இருக்கும். 2006-ல் பத்து, இருபது, ஐம்பதில் தொடங்கினார்கள். இவை இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால் முகமதிப்புக்கே கிடைக்கும். மண்டியிலோ பெட்ரோல் பங்கிலோ வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருந்தால் போதும்.

மடிப்பு, பின் ஓட்டை, மஞ்சள்

ஒரு நோட்டின் மதிப்பை வயதைவிட அதன் நிலைதான் தீர்மானிக்கிறது. கைபடாத, மடியாத, மூலை கூராக நிற்கும் சலவை நோட்டை யு.என்.சி. என்பார்கள். லேசாக ஒரு வளைவு விழுந்தாலே அது ஏ.யு. ஆகிவிடும். அதற்கும் கீழே எக்ஸ்.எஃப்., வி.எஃப்., எஃப். என்று இறங்கும். நடு மடிப்பு ஒன்று, குறுக்கு மடிப்பு ஒன்று, காகிதம் இன்னும் மொடமொடவென்று இருந்தால் வி.எஃப். என்று நினைத்துக்கொள்ளலாம். துணிபோல் தொங்கினால் எஃப்.-க்கும் கீழே.

நிலையைச் சோதிக்க நோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். முதலில் சாய்த்துப் பிடியுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டைக் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து, வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும்படி மெதுவாகத் திருப்புங்கள். நேரே பார்த்தால் தெரியாத மடிப்பு மயிரிழை நிழலாக எழும். மேடாக நிற்கும் மையும் அப்போதுதான் கண்ணில் படும். அதன் பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நீர்க்குறி தெரியும், ஒட்டுவேலை இருந்தால் அங்கே கறுப்பாகத் தெரியும், பின் ஓட்டை நட்சத்திரமாக மின்னும்.

இந்திய நோட்டில் பின் ஓட்டையைக் குற்றமாக எடுக்கக் கூடாது. வங்கிகள் நோட்டுக் கட்டை ஸ்டேப்ளர் பின் போட்டே கொடுத்துவந்தன. 2001-ல் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்து, காகிதப் பட்டை போடச் சொன்னது. அதற்கு முந்தைய சலவை நோட்டில் இரண்டு ஓட்டை இருப்பது இயல்பு. ஓட்டையே இல்லாத பழைய நோட்டைப் பார்த்தால் நான் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பேன். யாராவது அடைத்திருக்கிறார்களா என்று.

நடுவில் வெட்டி ஒட்டிய மிகப் பழைய நோட்டு கிடைத்தாலும் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். பிரிட்டிஷ் காலத்தில் வியாபாரிகள் பெரிய நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததாகக் கடிதம் வந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் களவு போனாலும் பாதி நோட்டால் திருடனுக்குப் பயனில்லை. அந்த ஒட்டு அந்த நோட்டின் வாழ்க்கையில் ஒரு பகுதி. அதைப் பிரித்துப் 'புதுசாக' ஒட்டினால் அதன் வரலாற்றையே அழித்ததாகும்.

நம் வீட்டு நோட்டுகளுக்கென்று ஒரு கறை உண்டு: மஞ்சளும் குங்குமமும். முதல் போணி நோட்டுக்கு, முதல் சம்பள நோட்டுக்கு, பூஜையில் வைத்த நோட்டுக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம். அத்தையின் பையில் ஒரு ஒரு ரூபாயின் மூலையில் விரல் நுனி அளவு மஞ்சள் இருந்தது. "அது மாமா வேலைக்குச் சேர்ந்து வாங்கின மொத சம்பளத்துல எடுத்து வச்சது," என்றார். வேறு நோட்டாக இருந்தால் கறை. இந்த நோட்டில் அதுதான் கையெழுத்து. அதை எடுக்க நினைக்கவும் வேண்டாம். எடுக்கவும் முடியாது: தண்ணீர் பட்டால் மஞ்சள் பரவும், குங்குமம் இறங்கும், காகிதத்தின் பசைப் பதமும் போய்விடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடங்கிய காலத்தில் காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் ஒன்றை மடிப்பு போகட்டும் என்று மெல்லிய துணி போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். மடிப்புக் கோடு மறையவில்லை. மேடாக நின்ற மை தட்டையாகி, நோட்டு முழுவதும் ஒரு செத்த பளபளப்பு ஏறிவிட்டது. நோட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது என் கைவேலை அப்படியே தெரிந்தது. இன்றும் அதை ஆல்பத்தில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் தேதியோடு. கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், ரப்பரால் அழிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஏற்கெனவே டேப் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள்; பிய்த்தால் அச்சும் சேர்ந்து வரும். நோட்டின் மேல் பென்சில்கூடப் படக் கூடாது.

சமவெளியும் மலையும்

நோட்டுக் காகிதம் பருத்தியால் ஆனது. மரக்கூழ்க் காகிதத்தைவிட உறுதியானது, நன்றாக வைத்தால் நூறாண்டு தாண்டும். அதற்கு எதிரி நான்கு: ஈரம், அனல், வெளிச்சம், தவறான பிளாஸ்டிக்.

நமக்கு வருடத்தில் பெரும்பகுதி வறட்சி. மலை மறைவில் இருக்கும் ஊர் என்பதால் பூஞ்சை பயம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அடைமழை பிடித்தால் சுவரெல்லாம் குளிர்ந்து ஈரம் கோத்துக்கொள்ளும். இதே நோட்டைக் கொடைக்கானலில் வைத்திருக்கும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் கார்த்திகைதான். அங்கே ஒரே ஒரு மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி விழுந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மலைக்கும் சமவெளிக்கும் அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள் ஆல்பத்தைக் கூடவே எடுத்துப் போக வேண்டாம். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் வேர்த்துவிடும்.

ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. சிறிய ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும். நிறம் மாறும் வகையாக வாங்கி, மாறியதும் எடுத்து வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். அதற்கென்று தனி வாணலி வையுங்கள், சமையலுக்கு எடுப்பதை எடுக்காதீர்கள். பொட்டலம் நோட்டின் மேல் படக் கூடாது.

இடம்: மேற்குச் சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், மாலை வெயிலில் அது அடுப்பாகும். வீட்டின் உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல், மர அலமாரியில் வைப்பது உத்தமம். திண்டுக்கல் இரும்புப் பெட்டி இருக்கிறதே என்று கேட்பார்கள். திருட்டுக்கு நல்ல காவல்தான். ஆனால் அடைத்த இரும்புக்குள் ஈரம் தங்கும், ஆகவே சிலிக்கா ஜெல் இல்லாமல் வைக்காதீர்கள். வங்கி லாக்கரும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

பூச்சி விஷயத்தில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். ஏட்டுச் சுவடிக்கு வசம்பும் வேப்பிலையும் போட்டுக் காத்தார்கள். அந்த முறையை நோட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு திருத்தம் தேவை: இலை நேரடியாகப் பட்டால் காகிதத்தில் கறை இறங்கும். வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், ஆல்பத்துக்குள் வேண்டாம். அந்துருண்டையும் ஆல்பத்துக்குள் கூடாது. அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எல்லாவற்றையும்விட, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது பெரிய மருந்து. வெள்ளிப்பூச்சிக்கு இருட்டும் அசைவில்லாமையும் வேண்டும், அந்த இரண்டையும் கொடுக்காதீர்கள்.

உறைதான் புதியவர்கள் ஏமாறும் இடம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற ஆல்பம் பெரும்பாலும் பி.வி.சி. முகர்ந்து பாருங்கள், புது சைக்கிள் சீட் கவர் வாசனை வரும். சில வருடத்தில் அது பிசுபிசுப்பாகி அமிலம் கக்கி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை முதல் தரம், பாலிப்ரொப்பிலீன் அடுத்தது. வாங்கும்போது பி.வி.சி. இல்லாதது என்று கேட்டே வாங்குங்கள். ஜார்ஜ் கால நோட்டுக்குப் பெரிய உறை வேண்டும். சின்ன உறைக்குள் மடக்கித் திணித்தால் நூறு வருடத்தில் விழாத மடிப்பு ஒரே நாளில் விழும். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு கண்டால் உடனே அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் இளகி நோட்டில் கோடு போட்டுவிடும். கையுறை கட்டாயமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, விளிம்பைப் பிடித்து எடுத்தால் போதும். சாப்பிட்ட கையோ, எண்ணெய் தேய்த்த நாளோ வேண்டாம்.

லட்சம் தருகிறோம் என்பவர்கள்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம், 786 எண்ணுக்கு ஐந்து லட்சம் என்று போனில் செய்தி வராத மாதமில்லை. நம்பாதீர்கள். முதலில் நோட்டின் படம் கேட்பார்கள், பிறகு பதிவுக் கட்டணம், வரி என்று உங்களிடமிருந்து பணம் வாங்குவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த ஏமாற்று நடப்பதால், பழைய நோட்டு, நாணயம் எதையும் தான் இப்படி வாங்குவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிவித்தது. விற்கிறவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குகிறவர் உலகத்தில் இல்லை. இந்த ஒரு விதியை வீட்டில் வயதானவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

786, ஒரே இலக்கம் ஆறுமுறை வருவது, ஏறுவரிசை போன்ற ஃபேன்சி நம்பர்களுக்கு ஆர்வலர்கள் கூடுதல் விலை கொடுப்பது உண்மை. அந்த விலையும் நோட்டின் நிலையையும், வாங்குகிறவர் விருப்பத்தையும் பொறுத்தது.

பழைய நோட்டிலும் போலி உண்டு. குறிப்பாக 1944-ல் ரங்கூனில் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வங்கியின் பெயரில் விற்கப்படுபவை. நேதாஜி மீதுள்ள பக்தியை முதலாக்கி நடக்கும் வியாபாரம் அது. பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். உண்மை நோட்டின் கோடு எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடாகவே இருக்கும். பிரிண்டரில் எடுத்த நகலில் அதே கோடு பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016 நவம்பர் 8-ல் செல்லாததான 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஞாபகத்துக்கென்று கட்டாக வைத்திருக்கக் கூடாது. 2017-ல் வந்த சட்டப்படி மொத்தம் பத்து நோட்டு வரை யாரும் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை. அதற்கு மேல் போனால் பத்தாயிரம் ரூபாய் வரையோ, நோட்டின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு வரையோ, எது அதிகமோ அந்த அளவுக்கு அபராதம் விதிக்கலாம். கள்ள நோட்டை வேடிக்கைக்காகக்கூட வைத்திருக்காதீர்கள், அது குற்றமாகலாம். கையிலிருக்கும் 2 ரூபாய், 5 ரூபாய் நோட்டுகள் இன்றும் செல்லும் என்பதால் அவை பற்றிக் கவலையில்லை.

பதிவேடு

நோட்டை உறையில் இடுவதற்கு முன்பே சீட்டை எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று வைத்தது எழுதப்படுவதே இல்லை. நல்ல கெட்டி நோட்டுப் புத்தகத்தில், பென்சிலால், ஒரு நோட்டுக்கு ஒரு பக்கம்: மதிப்பு, முன்னெழுத்து, எண், கையெழுத்து, ஆண்டு, நிலை, யாரிடமிருந்து, எந்தத் தேதியில், அவர் சொன்னது என்ன. கடைசியாகச் சொன்னதற்கு அரைப் பக்கம் காலியாக விடுங்கள்.

அந்த அரைப் பக்கத்தின் தேவை எனக்குப் புரிந்தது அத்தையின் பர்மா நோட்டை எழுதியபோது. மாமனார் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தார் என்றார். எழுதி முடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 'பி'யில் தொடங்கும் எழுத்து, ஜப்பானிய அரசின் பத்து ரூபாய். பர்மாவிலிருந்து நம் மக்கள் நடந்து புறப்பட்டது ஜப்பான் படை நெருங்கி வந்த 1942-ன் தொடக்கத்தில். இந்த நோட்டோ ஜப்பான் ஆட்சி வந்த பிறகு அங்கே புழங்கியது. நடந்து வந்தவர் இடுப்பில் இது எப்படி வந்திருக்கும்? மறுநாள் போய்க் கேட்டேன். அத்தை வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நடந்து வந்தது சின்ன மாமனாரு," என்றார். "பெரியவரு கடையைப் போட்டுட்டு வர மாட்டேன்னு அங்கேயே இருந்தாரு. சண்டை முடிஞ்சுதான் கப்பல்ல வந்தாரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுச் சொல்லிட்டேன் பாரு."

என் பதிவேட்டில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது:

பர்மா, ஜப்பானிய அரசு, 10 ரூபாய். சீரியல் நம்பர் இல்லை. நடு மடிப்பு, இரண்டு குறுக்கு மடிப்பு, மேல் விளிம்பில் சிறு கிழிசல், ஒட்டவில்லை. வத்தலக்குண்டு, அத்தை வீட்டு டிரங்குப் பெட்டி, மஞ்சள் துணிப்பை, செய்தித்தாளுக்குள். அத்தையின் மாமனார் கொண்டுவந்தது. நடந்து வந்தவர் அவர் தம்பி. இவர் யுத்தம் முடியும் வரை ரங்கூனில் கடையில் இருந்தார், கப்பலில் திரும்பினார். கடை எந்தத் தெருவில் என்று அத்தைக்கு நினைவில்லை. கப்பலில் கூட வந்தவர் குடும்பம் நிலக்கோட்டையில் இருப்பதாகச் சொன்னார். போய்க் கேட்க வேண்டும்.